சல்லடை வரைய மறந்தவர்

சிறுவாணித் தண்ணி வந்து பதினோரு நாளாகியிருந்த ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கோயமுத்தூர் ஹவுசிங் யூனிட் ஒன்றின் சி பிளாக்கில், கீழ்த்தளம் நாலாம் நம்பர் வீட்டில், அர்த்தனாரி என்பவர் மீன் தொட்டிக்காகச் சுவரில் சாக்பீஸால் வரைந்து வைத்திருந்த குழாய்க்குள் தண்ணி ஓட ஆரம்பித்தது. இன்னொருத்தராக இருந்தால் கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டியிருப்பார், இல்லையென்றால் கன்னத்தில் போட்டுக்கொண்டு கற்பூரம் தேடியிருப்பார். அர்த்தனாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ரசமட்டத்தை எடுத்து வந்து, கோட்டுக்குச் சரிவு போதுமா என்று வைத்துப் பார்த்தார். போதுமாக இருந்தது.

அந்த மனுஷனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மோட்டார் பம்பு செய்யும் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் டிராயிங் செக்கர். அதாவது மற்றவர்கள் வரைந்து கொண்டுவருகிற பம்பு, குழாய், வால்வு படங்களைச் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்து பார்த்து, தப்பு இருந்தால் சுழித்து, இல்லாவிட்டால் கையெழுத்துப் போட்டு அனுப்புகிற வேலை. வரைந்தவரே சரிபார்க்கக் கூடாது, எப்பேர்ப்பட்ட கொம்பனாக இருந்தாலும் இன்னொரு ஜோடிக் கண் பார்த்தாக வேண்டும் என்பது அந்தக் கம்பெனியில் சாமி வாக்கு. தப்புக் கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்கினவருக்கு வெளியே வந்தால் மட்டும் கண் மூடிக்கொள்ளுமா? பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி சொஜ்ஜி எல்லாம் தின்றுவிட்டு, 'வாசக்கால் நெலவு காலிஞ்ச் தெக்கால சாஞ்சிருக்குதுங்க' என்று சொல்லிவிட்டு வந்தார். இன்னொரு வீட்டில் ஜாதகக் கட்டம் சதுரமாக இல்லை என்றார். இப்படியே ஒன்பது வீடு பார்த்து முடிப்பதற்குள் வயசு முப்பத்தெட்டாகிவிட, அதற்கப்புறம் பெண் வீட்டுக்காரர்கள் இவரைச் சரிபார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா போனார், அம்மா போனார், ஒரே தங்கச்சி வள்ளியாத்தாள் கல்யாணம் கட்டிக்கொண்டு பெருந்துறைக்குப் போனாள். ரிட்டயர் ஆன அன்றைக்குக் கம்பெனியில் ஒரு சால்வையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து அனுப்ப, அந்தக் கடிகாரம் தவிர வேறு யாரும் பேசாத வீட்டில், பால்காரரிடமும் பேப்பர்காரரிடமும் 'சரிங்க' என்று சொல்வதற்கு மட்டும் வாயைத் திறந்துகொண்டு, அவர் இருந்தார்.

அப்புறம்தான் மீன் வந்தது. பூனாவுக்கு மாற்றலாகிப் போன ஒரு பழைய சிநேகிதர், லாரியில் ஏற்ற முடியாது என்று, நாலடிக் கண்ணாடித் தொட்டியையும் அதிலிருந்த ஒரே ஒரு மீனையும் இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். ஆஸ்கர் என்று சொல்கிற ஜாதி. ஒரு சாண் நீளம், கறுத்த உடம்பில் அங்கங்கே தணல் மாதிரி ஆரஞ்சுத் திட்டு. ஆளைத் தெரிந்துகொள்கிற மீன் அது. அவர் கதவைத் திறந்தால் கண்ணாடிக்கு ஓடி வரும், இடது பக்கம் நடந்தால் இடது பக்கம் வரும், குனிந்தால் குனிந்து பார்க்கும். அர்த்தனாரி அதற்குப் பேர் வைக்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதையில்லை என்று வளர்ந்த ஆள். "சாப்பிட்டீங்களா?" என்பார். "வெயிலப் பாருங்க, என்ன போடு போடுதுன்னு" என்பார். "சித்த மார்க்கெட்டு வரைக்கும் போயிட்டு வந்தர்றனுங்க" என்று அதனிடம் சொல்லிக்கொண்டுதான் வீட்டைப் பூட்டுவார். இருபது வருஷமாக யாரிடமும் சொல்லாமல் பூட்டிய வீடு அது.

ஆஸ்கர் மீனிடம் ஒரு கெட்ட பழக்கம், நிறையத் தின்னும், தின்றதற்குத் தக்கபடி தொட்டியை நாறடிக்கும். கடையில் வாங்கிய ஃபில்டர் இரண்டு நாளில் அடைத்துக்கொண்டது. "இந்த மீனுக்கு ரெடிமேட் ஃபில்டர் தாங்காதுங்கண்ணா," என்றார் கடைக்காரர். "கீழ ஒரு தொட்டி வெச்சு, நீங்களா பைப் லைன் போட்டாத்தான் ஆகும்." அந்த வார்த்தை அர்த்தனாரிக்கு இனிப்பாக இருந்தது. முப்பத்தோரு வருஷத்தில் அவர் சொந்தமாக ஒரு படம் வரைந்ததில்லை. மேல் தொட்டியில் நிறைந்து வழிகிற தண்ணி ஒண்ணரை இஞ்ச் குழாயில் இறங்கிக் கீழ்த்தொட்டிக்கு வர வேண்டும். அங்கே முதல் அறையில் பஞ்சு, அடுத்த அறையில் பீங்கான் வளையம், கடைசி அறையில் பம்பு. தெளிந்த தண்ணியைப் பம்பு முக்கால் இஞ்ச் குழாயில் மேலே ஏற்ற வேண்டும். கரண்டு போனாலும் ஒரு சொட்டுத் தரையில் சிந்தக் கூடாது. ஏழு மாசம், பத்தொன்பது தடவை வரைந்தார். குழாயைத் திருப்புகிற எல்போவை இங்கே வைத்தார், அங்கே வைத்தார், வால்வைக் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு இறக்கினார், மறுபடி ஏற்றினார்.

படம் முடிந்ததும் ஒரு சிக்கல் வந்தது, சரிபார்க்க ஆளில்லை. தங்கச்சிக்குப் போன் போட்டார்.

"வள்ளி, ஒண்ணரை இஞ்ச் எறங்கு கொழாய்க்கு ரெண்டு எல்போ போட்டிருக்கறேன். சரியா வருமான்னு ஒரு வார்த்த சொல்லு."

"அண்ணா, எனக்கென்னுங்க தெரியும் அதெல்லாம்? அடுப்புல பால் வெச்சிருக்கறேன், பொங்கிரும். வெச்சர்றனுங்கண்ணா."

படத்தைத் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டி மீனிடமும் காட்டினார். அது வாயைத் திறந்து திறந்து மூடியது. சரி, நிஜ அளவில் சுவரில் போட்டுப் பார்த்தால் தப்பு தானாகத் தெரியும் என்று, அந்த வெள்ளிக்கிழமை, தொட்டியின் விளிம்பிலிருந்து தொடங்கி நீலச் சுவரில் சாக்பீஸால் குழாயை இறக்கி, கீழ்த்தொட்டியைக் கட்டம் கட்டி, பஞ்சைப் பஞ்சாக, வளையத்தை வளையமாக, பம்பைப் பம்பாக வரைந்து, மேலேறும் குழாயைக் கொண்டுபோய்த் தொட்டியின் மறு விளிம்பில் சேர்த்துவிட்டு, தண்ணி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டுவதற்காகக் கடைசியில் ஓர் அம்புக்குறி போட்டார். அம்புக்குறி போட்ட மாத்திரத்தில் கோடு நனைந்தது. தொட்டித் தண்ணி சுவருக்குள் இறங்கி, வரைந்த பஞ்சைக் கறுப்பாக்கி, வரைந்த வளையத்தில் தெளிந்து, வரைந்த பம்பின் வழியே ஏறி, சொளசொளவென்று நிஜத் தொட்டியில் விழுந்தது. அம்பு காட்டிய பக்கம் தண்ணி போனது, அவ்வளவுதான்; இதற்கு மேல் அதற்கு விளக்கம் கிடையாது, சி பிளாக்கில் யாரும் கேட்கவும் இல்லை.

பதினோரு நாள் தண்ணி வராத பிளாக்கில் தண்ணி விழுகிற சத்தம் என்பது பக்கத்து வீட்டுக் கறிக்குழம்பு வாசம் மாதிரி, கதவைச் சாத்தி அடக்க முடியாது. எதிர் வீட்டுத் தெய்வாத்தாள்தான் முதலில் வந்தாள். இட்லி மாவு அரைத்து விற்கிறவள். புருஷன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வாட்ச்மேன், ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை வருவார். தண்ணியில்லாமல் கிரைண்டர் காய்ந்து கிடக்க, அவள் வயிறு எரிந்துகொண்டிருந்த நேரம்.

"ஏனுங்க, உங்கூட்டுல தண்ணி வருதுங்களா?"

"கொழாய்ல வர்லீங்க. செவுத்துலதான் வருது."

அவள் எட்டிப் பார்த்தாள், முகவாயில் கை வைத்தாள். "நல்ல தண்ணிங்களா, உப்புத் தண்ணிங்களா?" என்று கேட்டாள்.

அவருக்குத் தெரியவில்லை. அவளே உள்ளே வந்து, ஒரு கை ஏந்திக் குடித்துப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டாள். "சிறுவாணியேதானுங்க!" என்றாள். "ஆத்தா மகமாயி, மாவுக்கு ஆச்சு."

அரை மணி நேரத்தில் சி பிளாக்கே நாலாம் நம்பரில் இருந்தது. குடம், பக்கெட், குக்கர், பிள்ளைகள் குளிக்கிற டப், கல்யாண வீட்டு அண்டா என்று கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அசோசியேஷன் செக்ரட்டரி நஞ்சப்பன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவர். வாசலில் நின்றுகொண்டு, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடமிருக்குது, படியில நிக்காதீங்க" என்று ஆட்களை ஏற்றி இறக்கினார். மீன் கிடக்கிற தண்ணியைக் குடிக்கலாமா என்று மாடி வீட்டு டீச்சர் இழுத்தபோது, "டேம்ல மட்டும் மீன் ஊடு காலி பண்ணிட்டுப் போயிருச்சுங்களா?" என்று அவர் கேட்டதில் அந்தப் பிரச்சினையும் தீர்ந்தது. மறுநாள் ஒரு பிளம்பர் வந்து பார்த்தார். தொட்டியில் குழாயை மாட்டுகிற டேங்க் நிப்பிள் இல்லாமல், சொல்யூஷன் பசை ஒட்டாமல் இது எப்படிக் கசியாமல் நிற்கிறது என்று சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார், பிறகு தன் வீட்டுக்கும் ஒரு குடம் பிடித்துக்கொண்டு போனார். தண்ணி ஆபீசிலிருந்து ஒருத்தர் வந்தார். மீட்டர் எங்கே என்று கேட்டார். சாக்பீஸ் கோட்டுக்கு மீட்டர் பொருத்த வழிமுறை இல்லை என்று எழுதிக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானம் ஆனது, பன்னிரண்டு வீட்டுக்கும் அர்த்தனாரி அண்ணன் கோடு இழுத்துத் தர வேண்டும். அவர் கூச்சத்தோடு எழுந்து, "டிராயிங்க யாராச்சும் ஒருக்கா செக் பண்ணிட்டா நல்லதுங்க" என்று சொன்னார். "நீங்க போட்டா அதுல தப்பு வருமுங்களா? முப்பது வருச சர்வீசுங்க!" என்று எல்லாரும் கை தட்டி அவரை உட்கார வைத்துவிட்டார்கள்.

அடுத்த பத்து நாளும் அவருக்குத் தீபாவளிதான். கீழ்த்தொட்டியில் தெளிந்த தண்ணி சி பிளாக்கின் பன்னிரண்டு வீட்டையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடைசியில் தன் வீட்டுப் பம்புக்கே திரும்பி வருகிற மாதிரி, படிக்கட்டு ஓரமாக, மீட்டர் பெட்டிக்கு மேலாக, ஒவ்வொரு வீட்டு அடுப்படிக்குள்ளும் நுழைந்து வெளியேறுகிற மாதிரி, முதுகு ஒடியக் கோடு இழுத்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பைப் வரைந்து கொடுத்தார். விரலால் தடவினால் திறக்கும், மறுபடி தடவினால் மூடும். வீட்டுக்கு வீடு ஸ்டூல் பிடித்தார்கள், காப்பி கொடுத்தார்கள், "அண்ணா பாத்துங்கண்ணா" என்றார்கள். அவர் வீட்டில் எந்நேரமும் நாலு பேர் இருந்தார்கள். சுவர்க்கடிகாரம் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பதே அவருக்குத் தெரியவில்லை.

பத்தாம் நாள் கடைசி வீட்டுக்கும் பைப் வந்துவிட்டது. பதினோராம் நாள் யாரும் வரவில்லை. வந்து என்ன செய்வார்கள், பாவம். அவரவர் அடுப்படியில் சிறுவாணி கொட்டும்போது நாலாம் நம்பரில் யாருக்கு என்ன வேலை? வர வேண்டிய தேவையைத் தன் கையாலேயே வீடு வீடாக வரைந்து கொடுத்துவிட்டோம் என்பது அர்த்தனாரிக்குப் புரிய மூன்று நாள் ஆனது. முன்னே இருந்த தனிமை பழகின தனிமை. இது அப்படி இல்லை, கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்த மறுநாள் மண்டபம் மாதிரி இருந்தது. அவர் நாற்காலியைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அவங்கவங்களுக்கு ஆயிரம் சோலிங்க" என்று மீனுக்குச் சமாதானம் சொன்னார். அழுகை வந்தது, ஆனால் அதையும் மீனுக்கு எதிரில் அழ அவருக்குச் சங்கடமாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் ஒரு காலையில் தொட்டியில் மீன் இல்லை.

மூடியைத் தூக்கிப் பார்த்தார், மேஜைக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்தார், அப்புறம் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். இறங்கு குழாயின் வாயில் சல்லடை இல்லை. மீன் தொட்டிக்குக் குழாய் போடுகிற எந்தப் பொடியனும் முதலில் மாட்டுவது அதைத்தான். மீன் குழாய்க்குள் போகாமலிருக்க, வாயில் ஒரு சல்லடை. பத்தொன்பது படத்திலும் அவர் அதை மறந்திருந்தார். அடுத்தவன் படமாக இருந்தால் அரை நிமிஷத்தில் சிவப்புப் பென்சிலால் சுழித்திருப்பார்.

அந்நேரம் எதிர்வீட்டிலிருந்து சத்தம் வந்தது. "ஏனுங்க! உங்க மீனு எங்கூட்டுச் செவுத்துல வந்து நிக்குதுங்க!"

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். தெய்வாத்தாளின் கிரைண்டருக்கு மேலே, ஒண்ணரை இஞ்ச் கோட்டுக்குள், தட்டையாக, சாக்பீஸால் வரைந்த மீனாக அது நின்றுகொண்டிருந்தது. திட்டுகள் மட்டும் அதே ஆரஞ்சு. அவரைக் கண்டதும் வாலை ஆட்டியது. "இங்கதான் இருக்கறீங்களா" என்று அவர் மூச்சு வாங்கினார். மீன் திரும்பி, தண்ணி போகிற திசையில் மெல்லப் போக ஆரம்பித்ததும் அவருக்கு இன்னொன்று உறைத்தது. தண்ணி பன்னிரண்டு வீட்டையும் சுற்றிவிட்டுக் கடைசியில் பம்புக்குள் போகிறது. பம்புக்குள் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுகிற இறக்கை இருக்கிறது. அவர்தான் வரைந்தார், தத்ரூபமாக வரைந்தார்.

திரும்பி ஓடி, ஓடின வேகத்திலேயே பம்பின் வாய்க்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாக ஒரு சல்லடை போட்டார். அவர் வாழ்நாளில் போட்ட முதல் கோணல் கோடுகள் அவை. போட்டு முடித்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மீன் பிழைத்தது. ஆனால் திரும்பி வர அதற்கு இருந்த ஒரே வழி பம்பு வழிதான், அதை இப்போது அவரே அடைத்துவிட்டார். இனிமேல் அது சி பிளாக்கின் பன்னிரண்டு வீட்டுச் சுவர்களில் சுற்றிக்கொண்டிருக்கலாம், தொட்டிக்கு மட்டும் வர முடியாது. இதற்கும் மருந்து இருந்தது, அவருக்குத் தெரியும். சுற்று வழியிலிருந்து தொட்டிக்கு இன்னொரு குழாய் வரைந்து, தொட்டிப் பக்கம் பார்த்து ஓர் அம்புக்குறி போட்டால் போதும். கால் மணி நேர வேலை. சாயங்காலம் வரைந்துவிடலாம் என்று நினைத்தார். அதற்கு முன்னால் மீனுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டுமே என்று, தீனி டப்பாவை எடுத்துக்கொண்டு அது எந்த வீட்டில் இருக்கிறது என்று தேடிக் கிளம்பினார்.

அன்றைக்கு அது மாடியில் நஞ்சப்பன் வீட்டில் இருந்தது. "வாங்க வாங்க, உங்காளு டிவிக்குப் பின்னால பதுங்கிட்டு இருக்கறாரு!" என்று நஞ்சப்பன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அர்த்தனாரி தீனியைச் சுவரில் ஒற்றிப் பிடிக்க, அது கோட்டுக்குள் சாக்பீஸ் பொடியாக இறங்க, மீன் தின்றது. டீ வந்தது. நஞ்சப்பன் உக்கடத்தில் ஒரு காலத்தில் பஸ்ஸில் பிரசவம் ஆன கதையைச் சொன்னார். மணி எட்டு ஆகிவிட்டது. கோட்டை நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று அர்த்தனாரி நினைத்தார்.

மறுநாள் அது டீச்சர் வீட்டில் இருந்தது. அங்கே முறுக்கு. அதற்கு மறுநாள் மூன்றாம் நம்பர், அங்கே கைக்குழந்தை, குழந்தை மீனைப் பார்த்துக் கை தட்ட, தாய்க்காரி, "சித்த வெச்சிருங்கண்ணா, பால் காச்சிட்டு வந்தர்றேன்" என்று அதை அவர் மடியில் போட்டுவிட்டுப் போனாள். ஐம்பத்தொன்பது வயசுக்கு அவர் மடியில் உட்கார்ந்த முதல் குழந்தை அது. இப்படியாக ஒரு மாசம், பொழுது சாய்ந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, தீனி டப்பாவோடு, "மீன் இங்க இருக்குதுங்களா?" என்று கேட்டபடி அர்த்தனாரி வீடு வீடாகப் போனார். மீனையும் ஜனங்கள் ஒறம்பரை வந்த மாதிரி வைத்துக்கொண்டார்கள், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் போல, "எங்கூட்டுக்கு வந்து நாலு நாளாச்சு, எங்கள மறந்துட்டீங்களா?" என்று சுவரிடம் சண்டை போட்டார்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அதன் முகத்தில் விழித்துவிட்டுப் போனார்கள், வீட்டுச் சண்டை அது வந்திருக்கிற அன்றைக்கு மட்டும் தள்ளி வைக்கப்பட்டது. கோடு எப்போது போடப்போகிறீர்கள் என்று யாராவது கேட்டால், "டிராயிங் இன்னும் முடியலீங்க" என்பார் அர்த்தனாரி. டிராயிங் முதல் நாளே முடிந்திருந்தது. சட்டைப் பையில்தான் இருந்தது.

சிறுவாணித் தண்ணியும் ஒழுங்காக வர ஆரம்பித்துவிட்டது. சுவர்த் தண்ணியை இப்போது யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, பாத்திரம் கழுவ வைத்துக்கொண்டார்கள்.

ஒரு புதன்கிழமை மீன் தெய்வாத்தாள் வீட்டில் இருந்தது. அவள் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். அவர் தீனி கொடுக்க, மீன் தின்னாமல் வாயைத் திருப்பிக்கொண்டது.

"நானும் ஒரு வாரமாப் பாக்கறேன்," என்றாள் அவள், கிரைண்டரை நிறுத்திவிட்டு. "மீனு வெளுத்துக்கிட்டே வருது. அந்தச் செவப்பு இப்ப எங்க? காவி கலந்த மாதிரிக் கெடக்குது. போற போக்குல செவுத்தோட செவுறாப் போயிரும்."

அவர் பார்த்தார். அவருக்கும் தெரிந்ததுதான். ஒரு வாரமாகத் தெரிந்தும், லைட் வெளிச்சம் சரியில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஊரு பூராவும் கோடு போட்டுக் குடுத்த ஆளு நீங்க. இத ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு ஒரு கோடு போடத் தெரியாதுங்களா?"

"தெரியுமுங்க."

"அப்பறம்?"

அர்த்தனாரி தீனி டப்பாவின் மூடியைத் திறந்தார், மூடினார். எங்கேயாவது பார்க்க வேண்டுமே என்று உளுந்தைப் பார்த்தார். "மீன் ஊட்டுக்கு வந்துருச்சுன்னா," என்றார், "நான் எதச் சொல்லிக்கிட்டுங்க உங்க ஊட்டுக்கெல்லாம் வர்றது?"

தெய்வாத்தாள் அவருக்காக இரக்கப்பட்டாள், ஆனால் அதைக் காட்டிக்கொள்கிற ஜாதி இல்லை அவள்; இரக்கம் வந்தால் அவளுக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"நல்லா இருக்குதுங்க நாயம்! உங்களுக்குப் பேச்சுத்தொண வேணும்னு ஒரு வாயில்லாச் சீவனச் செவுத்துல அடைச்சு வெப்பீங்களா? அது உங்க மூஞ்சியப் பாத்து வளந்ததுங்க. தெனமும் கண்ணுல பாக்குது, கிட்ட வர முடியல. அதுக்கு எப்படி இருக்கும்? உங்களுக்குத் தெரியாதா, அது எப்படி இருக்கும்னு?"

அவருக்குக் காது மடல் வரை சுட்டது. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார். வீட்டுக்கு வந்து, அளவெடுக்காமல், ரசமட்டம் வைக்காமல், சுற்று வழியிலிருந்து தொட்டி வரைக்கும் ஒரே இழுப்பில் கோடு இழுத்தார், அம்புக்குறி போட்டார், பழைய குழாயின் வாயில் சல்லடையும் போட்டார். கொஞ்ச நேரத்தில் கோட்டின் முனையில் ஒரு வெள்ளை மூக்குத் தெரிந்தது. தண்ணியில் விழுந்ததும் சாக்பீஸ் பொடி பால் மாதிரிக் கலங்கிக் கரைய, உள்ளேயிருந்து கறுத்த உடம்பும் தணல் திட்டுமாக மீன் வெளியே வந்தது. அது கண்ணாடிக்கு வந்து அவரையே பார்த்தது. "மன்னிச்சுக்குங்க," என்றார் அர்த்தனாரி. "எனக்கு வேற வழி தெரியலீங்க."

வியாழக்கிழமை பொழுது சாய்ந்ததும் அவருக்குக் கால் பரபரத்தது. சட்டையைக்கூட மாட்டிவிட்டார். பிறகு கழற்றி ஆணியில் தொங்கவிட்டுவிட்டு உட்கார்ந்தார். யாரும் வரவில்லை. மீன் ஊடு போய்ச் சேர்ந்துவிட்டது என்று பிளாக்குக்கே தெரிந்திருக்கும். நல்லதாப் போச்சு என்று சொல்லிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்திருப்பார்கள். மாடியில் நஞ்சப்பன் யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்டது. வெள்ளிக்கிழமையும் அப்படியே போனது.

சனிக்கிழமை அவர் ஒரு பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போவதற்கு என்னென்ன காரணம் சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பித்தார். சர்க்கரை இரவல் கேட்கலாம். ஆனால் தனக்குச் சர்க்கரை வியாதி என்பது டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே பிளாக் முழுக்கத் தெரியும். மாவு வாங்கப் போகலாம். மாவு வாசல்படியிலேயே வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டிய சமாச்சாரம், உள்ளே உட்கார அதில் இடமில்லை. பைப்பில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கப் போகலாம். எந்தப் பைப்பும் கசியாது, அவர் போட்டது. தன் கடுதாசி மாறி வந்துவிட்டதா என்று கேட்கலாம். அவருக்குக் கடுதாசி போட யார் இருக்கிறார்கள்? எட்டுக் காரணம் யோசித்து, எட்டிலும் தப்புக் கண்டுபிடித்து, எட்டையும் அடித்துவிட்டார். பேப்பரில் ஒன்றும் மிச்சமில்லை. மீன் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

அர்த்தனாரி எழுந்து சட்டையை மாட்டினார். "சித்த எதுத்தூட்டு வரைக்கும் போயிட்டு வந்தர்றனுங்க," என்றார். கையில் தீனி டப்பா இல்லை, வேறு எதுவும் இல்லை. அந்த வெறும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், இரண்டு கதவுக்கும் நடுவே இருந்த ஆறடியைக் கடந்து போய், தெய்வாத்தாள் வீட்டுக் கதவை இரண்டு தட்டுத் தட்டினார்.

உள்ளே கிரைண்டர் நின்றது. "ஆருங்க?"

"நானுங்க, அர்த்தனாரி."

கதவு ஒரு பாதி திறந்தது. அவள் கை முழங்கை வரைக்கும் மாவு. அவருடைய முகத்தைப் பார்த்தாள், வெறும் கையைப் பார்த்தாள். "மீனுதான் ஊடு வந்து சேந்துருச்சுங்களே," என்றாள். "இங்க இல்லீங்களே."

"தெரியுமுங்க," என்றார் அர்த்தனாரி. வெறும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "சும்மாதானுங்க வந்தேன்."

தெய்வாத்தாள் மாவு படாமல் முழங்கையால் தள்ளி, இன்னொரு பாதிக் கதவையும் திறந்தாள்.